ஒரு நம்பர்கூட நினைவில் இல்லாத இரவு

சென்ற நவம்பரில் ஒரு வியாழக்கிழமை இரவு, வேளச்சேரி விஜயநகர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் என் போனைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். போன் போனது ஒரு பக்கம். அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் அலைந்தேன் பாருங்கள், அந்த நேரத்தில்தான் பணம் போனது. முன்கூட்டியே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முக்கால்வாசி தப்பித்திருக்கும். எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். வீட்டில் நான், மாமியார், ஒன்பதாவது படிக்கும் மகன். அந்த வாரம் ஊரில் ஒரு காதுகுத்து. பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு மாமியாரும் பையனும் விருதுநகர் போயிருந்தார்கள். மாதக் கடைசி என்பதால் ஆபீசில் வேலை இழுத்துக்கொண்டது. பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி எட்டே முக்கால் இருக்கும். லேசான தூறல். சாலை ஓரத்தில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்ததால் நடைபாதையை விட்டு இறங்கி, சாலைப் பக்கமாக நின்று, ஆட்டோ பிடிப்பதற்காகப் போனை எடுத்தேன். வலது கையில் குடை. இடது கையில் போன். இரண்டு ஆட்டோக்காரர்கள் சவாரியை ரத்து செய்துவிட்டார்கள். மூன்றாவது ஆட்டோ எங்கே வருகிறது என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. சென்னையில் வண்டிச் சத்தம் கேட்காத இடம் ஏது, திரும்பிப் பார்க்கவில்லை. விரல்களுக்கு நடுவிலிருந்து வழுக்கிக்கொண்டு போனதுதான் தெரிந்தது. பைக்கில் இரண்டு பேர், பின்னால் உட்கார்ந்திருந்தவன் மழைக்கோட்டு போட்டிருந்தான். நம்பர் பிளேட் இருந்ததா என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. "ஐயோ, பிடிங்க, பிடிங்க" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். பத்தடிகூடப் போயிருக்க மாட்டேன், ஈரத்தில் செருப்பு வழுக்கிக் குப்புற விழுந்தேன். முழங்கால் கிழிந்தது, முழங்கை தேய்ந்தது. எனக்குப் பின்னால் வந்த வேன் சடாரென்று பிரேக் போட்டு நின்றது. அந்தச் சத்தம் இன்றைக்கும் காதில் கேட்கிறது. வேன் இன்னும் கொஞ்சம் முன்னால் வந்து நின்றிருந்தால் இதை எழுதவே நான் இருந்திருக்க மாட்டேன். பறித்துக்கொண்டு ஓடுகிறவனைத் துரத்தாதீர்கள். அவன் வண்டியில் போகிறான், நாம் செருப்புக் காலோடு ஓடுகிறோம். அந்த நொடியில் பார்க்க முடிந்தால் வண்டியின் நிறம், போன திசை, மணி, இவற்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டீக்கடைக்காரர் ஓடிவந்து தூக்கிவிட்டார். பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். கை நடுங்கித் தம்ளரின் பாதித் தண்ணீர் புடவையில் கொட்டியது. தன் போனை என் கையில் கொடுத்து, "வீட்டுக்குப் போட்டுச் சொல்லும்மா" என்றார். வாங்கினேன். எண்களைப் பார்த்தேன். யாருடைய நம்பரும் நினைவுக்கு வரவில்லை. அவருடைய மஸ்கட் நம்பர் 968 என்று ஆரம்பிக்கும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. மாமியார் நம்பர் தெரியாது. அக்கா நம்பர் தெரியாது. ஆபீஸ் நம்பர் தெரியாது. எனக்குத் தலைகீழாகத் தெரிந்த நம்பர்கள் இரண்டே இரண்டு. ஒன்று என் சொந்த நம்பர். இன்னொன்று சின்ன வயதில் மனப்பாடம் செய்த அப்பா வீட்டு லேண்ட்லைன். அதைத் துண்டித்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இவ்வளவு பெரிய ஊரில் அந்த பெஞ்சில் அநாதையாக உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. விழுந்ததற்கு வராத அழுகை அப்போதுதான் வந்தது.

என் நம்பருக்கே போட்டேன். முழுசாக ரிங் போய் நின்றது. மறுபடி போட்டேன், சுவிட்ச் ஆப். பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரிப் பையன் 112-க்குப் போட்டு இடத்தையும் நேரத்தையும் சொன்னான். அவர்கள் நேராக ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கைப்பையில் வீட்டுச் சாவி, டிபன் பாக்ஸ், அறுபது ரூபாய் சில்லறை. எல்லாம் ஜிபேதானே, பணம் எதற்கு என்று வைத்துக்கொள்வதே இல்லை. டீக்கடைக்காரர் கல்லாவிலிருந்து இருநூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தார். பெயர்கூடக் கேட்கவில்லை.

இனி வருவதுதான் முக்கியம். என் போன் கவர் புத்தகம்போலத் திறந்து மூடும் வகை. உள்பக்கத்தில் கார்டு வைக்க ஒரு பை இருக்கும். அதில் என் டெபிட் கார்டு இருந்தது. சம்பளம் வரும் கணக்கின் கார்டு. ஒன்றை எடுத்தால் இரண்டும் கையில் இருக்கிறதே என்று மூன்று வருடமாக அப்படித்தான் வைத்திருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கார்டு நினைவு வராமல் இல்லை. வந்தது. "பின் நம்பர் நமக்கு மட்டும்தானே தெரியும், போனிலும் பேட்டர்ன் போட்டிருக்கிறோம், காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைத்தேன். கணக்குப் பிரிவில் பதினான்கு வருடம் வேலை பார்க்கிற எனக்கே அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

ஸ்டேஷனுக்குப் போனபோது மணி 9:25. விழுந்த இடம் சாலையின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்டார்கள். அந்தப் பக்கம் என்றால் வேறு ஸ்டேஷன் எல்லையாம். அதைத் தீர்மானிக்கவே பத்து நிமிடம் ஆனது. எந்த ஸ்டேஷனில் புகார் கொடுத்தாலும் எல்லையைக் காரணம் காட்டாமல் பதிவு செய்ய வேண்டும், பிறகு உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்பிக்கொள்ள வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு சொல்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது அதுதான். அதே நாளில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் பறிப்புக்கென்றே 304 என்று தனிப் பிரிவு இருக்கிறது, மூன்று வருடம் வரை தண்டனை. இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்திருந்தால் மரியாதையாகவே கேட்டிருப்பேன். இன்னொன்று, மனுவில் "காணாமல் போனது" என்று எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். பறித்துக்கொண்டு போனார்கள் என்றால் அப்படியே எழுதுங்கள். தொலைந்ததும் பறிபோனதும் ஒன்றல்ல.

மனு எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு காவலர் தன் போனிலிருந்து என் நம்பருக்குப் போட்டுப் பார்த்தார். "ரிங் போகுதும்மா" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. யாரோ நல்லவர் கையில் கிடைத்துவிட்டது, எடுத்துப் பேசுவார் என்று கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். கட் ஆனது. மறுபடி போட்டார், பிஸி. அப்போது சுவர்க் கடிகாரத்தில் மணி 9:40. நான் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில் என் சிம் வேறொரு போனுக்குள் போயிருந்தது. ஓ.டி.பி. ஒவ்வொன்றாக அங்கே போய் விழத் தொடங்கியிருந்தது.

என் போனைத் திறக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. கார்டின் முன்பக்கம் எண்ணும் காலாவதி மாதமும் இருக்கிறது. பின்பக்கம் மூன்று இலக்க எண் இருக்கிறது. ஆன்லைனில் பொருள் வாங்க இவற்றோடு ஓ.டி.பி. மட்டும் போதும். ஓ.டி.பி. வருவது சிம்முக்கு. சிம்மை உருவி எந்தப் போனில் போட்டாலும் அது வரும். பேட்டர்ன், கைரேகை எல்லாம் போனுக்குத்தான் காவல், சிம்முக்கு இல்லை. யு.பி.ஐ. பின்னை மாற்றுவதற்கும் பல வங்கிகளில் கார்டின் கடைசி ஆறு எண், காலாவதி மாதம், ஓ.டி.பி. இவ்வளவுதான் கேட்பார்கள். கார்டையும் சிம்மையும் ஒரே கவரில் வைத்து நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இதைப் புரிந்துகொண்ட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பத்து மணி வாக்கில், ஓரமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த ஏட்டு ஒருவர் தலையை நிமிர்த்தி, "கார்டை பிளாக் பண்ணிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை சார் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மொதல்ல வீட்டுக்குப் போயி பேங்குக்குப் போடுங்க. அப்புறம் 1930-க்குப் போடுங்க. இது எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார். அன்றைக்கு என்னிடம் பேசியவர்களில் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

வீட்டுக்கு வந்து கீழ்வீட்டு அக்காவை எழுப்பினேன். அவர் போனில் என் மாமியார் நம்பர் இருந்தது நல்லதாகப் போயிற்று. மாமியாரிடம் சொல்லி கணவருக்குத் தகவல் போனது. பையனின் படிப்புக்கு வாங்கிய லேப்டாப்பில் என் மெயில் திறந்தபடியே இருந்தது. அதில் வங்கியிலிருந்து மூன்று மெயில்கள். 9:31-க்கு ஒரு துணிக்கடையில் 4,850 ரூபாய். 9:44-க்கு ஆன்லைனில் கிஃப்ட் வவுச்சர் 24,999. 9:52-க்கு ஏதோ ஒரு வாலட்டில் 14,500. மொத்தம் 44,349 ரூபாய். பையனின் அடுத்த டெர்ம் பீஸுக்காகச் சேர்த்து வைத்த பணம் அது. துணிக்கடையில் எப்படிப் பின் இல்லாமல் எடுத்தார்கள் என்று முதலில் விளங்கவில்லை. கார்டை மெஷின் மேல் காட்டினாலே போகும் வசதியில் 5,000 ரூபாய் வரை பின் கேட்காது. 2,000 ஆக இருந்த வரம்பை 2021 ஜனவரியில் ரிசர்வ் வங்கி உயர்த்தியது. அதனால்தான் 4,850. அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

வங்கி உதவி எண்ணைக் கண்டுபிடிக்கவும் இழுபறி. அந்த நம்பர் அச்சாகியிருப்பது கார்டின் முதுகில், கார்டு அவர்களிடம். பீரோவிலிருந்து பாஸ்புக்கைத் தேடி எடுத்து, அக்கா போனிலிருந்து அழைத்தால், "பதிவு செய்த எண்ணிலிருந்து அழைக்கவும்" என்று இயந்திரக் குரல். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, காத்திரு. கடைசியில் ஆள் கிடைத்து, கணக்கு எண், பிறந்த தேதி எல்லாம் சொல்லி, கார்டு முடங்கியபோது மணி 10:40. புகார் எண் வாங்கி எழுதிக்கொண்டேன். 10:52-க்கு நான்காவது மெயில் வந்தது. 19,000 ரூபாய்க்கான முயற்சி நிராகரிக்கப்பட்டது. அதைப் பார்த்தபோது அக்காவின் தோளில் சாய்ந்து அழுதுவிட்டேன். ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்னால், அந்த டீக்கடை பெஞ்சிலிருந்தே ஒரு போன் செய்திருந்தால் நான்குமே நிராகரிக்கப்பட்டிருக்கும். முதல் ரூபாய் போனதே பறித்து நாற்பது நிமிடம் கழித்துத்தான்.

அதனால் வரிசையை நன்றாக நினைவில் வையுங்கள். போன் போனால் முதல் அழைப்பு வங்கிக்கு, கார்டையும் யு.பி.ஐ.யையும் முடக்க. இரண்டாவது சிம்மை முடக்க. அதே நிறுவனத்து சிம் வைத்திருக்கும் யாருடைய போனிலிருந்தாவது 198-க்குப் போடலாம். பணம் போயிருந்தால் மூன்றாவது 1930. சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. பிறகு ஸ்டேஷனுக்குப் போகலாம். அடிபட்டிருந்தால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் 108. நான் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்தேன்.

1930-க்கு நாலைந்து முறை போட்டபின் லைன் கிடைத்தது. பரிமாற்ற எண், நேரம், தொகை கேட்டார்கள். மெயில் கையில் இருந்ததால் சொல்ல முடிந்தது. எஸ்.எம்.எஸ். மட்டும் வைத்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. வங்கியில் மெயில் அறிவிப்பைக் கட்டாயம் போட்டு வையுங்கள். அந்த ஒரு அழைப்பால் வாலட்டுக்குப் போன 14,500 முடக்கப்பட்டு, நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. வவுச்சர் 24,999 அன்றிரவே செலவாகிவிட்டதாம். போனது போனதுதான். துணிக்கடைப் பணத்தை வங்கி கடைசியில் திருப்பிக் கொடுத்தது, ஆனால் முதல் பதிலில் "ஓ.டி.பி. சரியாகப் போட்டிருக்கிறது, நாங்கள் பொறுப்பல்ல" என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரியில் கைவிரித்தார்கள். அந்த 4,850-க்கு ஓ.டி.பி.யே கிடையாது. அதைச் சுட்டிக்காட்டி எழுத்தில் கேட்ட பிறகுதான் வந்தது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி இதற்காக ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. நாம் தகவல் சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. அதற்கு முன் நம் கவனக்குறைவால் போனால் நம் தலையில். வாடிக்கையாளர் தவறு என்பதை நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. போனில் பேசியதோடு விட்டுவிடாதீர்கள். மெயில் அனுப்புங்கள், தேதியோடு.

மறுநாள் காலை அரசு மருத்துவமனையில் டி.டி. ஊசி போட்டுக்கொண்டு, ஸ்டேஷனில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். போனின் ஐ.எம்.இ.ஐ. எண் கேட்டார்கள். ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண் அது, பதினைந்து இலக்கம், போன் வாங்கிய பெட்டியில் இருக்கும். அந்தப் பெட்டியைப் பொங்கலுக்கு வீடு ஒதுக்கும்போது நானே பழைய பேப்பர்காரரிடம் போட்டிருந்தேன். நல்ல வேளையாக பில் மெயிலில் இருந்தது, அதில் எண் இருந்தது. இப்போதே உங்கள் போனில் *#06# என்று அழுத்துங்கள், எண் வரும். ஒரு தாளில் எழுதி வையுங்கள். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் புகார் நகலோடு இந்த எண்ணைக் கொடுத்தால் அந்தப் போன் நாட்டில் எந்த நிறுவனத்து சிம்மிலும் வேலை செய்யாமல் முடக்கிவிடுவார்கள். என் போன் இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் அதை யாரும் சிம் போட்டுப் பேசப் போவதில்லை என்கிற நிம்மதியாவது இருக்கிறது.

புது சிம் வாங்க ஆதார் அசலோடு போனேன். இரண்டு மணி நேரத்தில் சிம் உயிர் பெற்றது. அப்பாடா என்று வங்கிச் செயலியைத் திறந்தால் ஓ.டி.பி. வரவே இல்லை. சிம்மை மாற்றிய முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். வராதாம். மோசடியைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு, நல்ல விஷயம்தான். ஆனால் அந்த ஒரு நாள் கையில் பணமும் இல்லை, கார்டும் இல்லை, யு.பி.ஐ.யும் இல்லை. கீழ்வீட்டு அக்காவிடம் ஆயிரம் ரூபாய் கடன் வாங்கினேன். நாற்பது வயதில் பால் பாக்கெட்டுக்குக் கடன் கேட்டு நிற்பது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதை நான் ஏற்கனவே ஒருமுறை அனுபவித்திருக்கிறேன் என்பதுதான் இன்னும் வலிக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை, டவர் இல்லை. படகில் பால் கொண்டுவந்தவர் ரொக்கம் கேட்டார். வீட்டில் இரண்டு ஐநூறு ரூபாய் நோட்டுதான் இருந்தது, அவரிடம் சில்லறை இல்லை. அன்றைக்கே புத்தி வந்திருக்க வேண்டும். தண்ணீர் வடிந்தது, நானும் மறந்துவிட்டேன். இப்போது பீரோவில் மூவாயிரம் ரூபாய், எல்லாம் நூறும் ஐம்பதுமாக, ஒரு கவரில் இருக்கிறது. கைப்பையின் உள்ஜிப்பில் ஐநூறு. அதைத் தொடுவதில்லை.

மற்ற மாற்றங்களையும் சொல்லிவிடுகிறேன். சம்பளக் கணக்கின் கார்டு வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. வேறொரு வங்கியில் சின்னக் கணக்கு ஒன்று தொடங்கி, யு.பி.ஐ.யை அதோடு மட்டும் இணைத்திருக்கிறேன். அதில் ஐயாயிரத்துக்கு மேல் வைப்பதில்லை. வங்கிச் செயலியில் கார்டுக்கான அமைப்புக்குள் போனால் ஆன்லைன், காட்டிச் செலுத்துவது, வெளிநாடு என்று தனித்தனியாக அணைத்து வைக்கலாம், வரம்பும் போடலாம். வெளிநாடு, காட்டிச் செலுத்துவது இரண்டையும் அணைத்துவிட்டேன். ஆன்லைன் வரம்பு 2,000. சிம்முக்குத் தனியாக ஒரு பின் போடும் வசதி எல்லாப் போனிலும் பாதுகாப்பு அமைப்புக்குள் இருக்கிறது. போட்டுவிட்டால் சிம்மை வேறு போனில் செருகும்போது அந்த பின்னைக் கேட்கும். எனக்கு இது ஒன்று இருந்திருந்தால் அந்த 24,999 போயிருக்காது. ஆனால் கவனமாகச் செய்யுங்கள், முதலில் சிம் நிறுவனம் ஏற்கனவே வைத்திருக்கும் பின்னைக் கேட்கும், தெரியாமல் மூன்று முறை தப்பாகப் போட்டால் சிம் பூட்டிக்கொள்ளும். உதவி மையத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு போடுங்கள். லாக் செய்த திரையில் ஓ.டி.பி.யின் வாசகம் தெரியாதபடி மறைத்து வையுங்கள். அதே திரையில் ரத்த வகையும் இரண்டு பேர் நம்பரும் தெரியும்படி அவசரத் தகவலை நிரப்புங்கள். அன்றைக்கு அந்த வேன் நிற்காமல் இருந்திருந்தால், போனும் இல்லாமல் கிடந்த என்னை யார் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அதனால் கைப்பையிலும் அதே விவரத்தை ஒரு அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.

தெருவில் நிற்கும் விதத்தையும் மாற்றிக்கொண்டேன். ஆட்டோவை ஆபீசுக்குள்ளிருந்தோ, ஒரு கடைப் படியேறி நின்றோதான் பிடிக்கிறேன். போனில் பேச வேண்டி வந்தால் சுவர்ப் பக்கக் கையில் பிடித்து, சாலைக்கு முதுகு காட்டாமல் நிற்கிறேன். ஆட்டோவிலும் ஓரத்தில் உட்கார்ந்து போனை வெளியே நீட்டிக்கொண்டு பேசுவதில்லை.

பணத்தைவிட எனக்கு ஆற மாட்டாமல் இருந்தது பயம். இரண்டு மாதம் பின்னால் பைக் சத்தம் கேட்டாலே தோள் இறுகிக்கொள்ளும். விசாரித்தவர்களில் பாதிப் பேர், "ரோட்டுல நின்னு எதுக்குப் போனை எடுத்தீங்க?" என்றுதான் கேட்டார்கள். தவறு செய்தது அவன். அதைப் பாதிக்கப்பட்டவரிடம் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. பொருள் பறிகொடுத்த யாரையாவது பார்த்தால் தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். "கார்டை முடக்கியாச்சா?" என்று கேளுங்கள்.

டீக்கடைக்காரருக்கு இருநூறு ரூபாயைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, கடைக் கண்ணாடியில் ஒட்டுவதற்கு ஒரு தாளும் எழுதிக்கொண்டு போனேன். பெரிய எழுத்தில் 112, 108, 1930, 198, பிறகு நாலைந்து வங்கிகளின் கார்டு முடக்கும் எண்கள். போன வாரம் போனபோது பார்த்தேன், தாளின் ஓரம் பால் ஆவியில் சுருண்டிருந்தது. அதன் மேல் அவரே கண்ணாடி டேப் ஒட்டி வைத்திருந்தார்.

வீட்டிலும் ஒரு தாள் இருக்கிறது, பீரோக் கதவின் உள்பக்கம். கணக்கு எண், ஐ.எம்.இ.ஐ., வங்கி நம்பர், எல்லோருடைய நம்பரும். ஒரு நகல் கீழ்வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். மறுநாள் அவரும் தன் வீட்டு நம்பர்களை எழுதி எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை தோசைக்கு உட்காரும்போது பையன் தன் அப்பா நம்பரையும் என் நம்பரையும் பாட்டி நம்பரையும் பார்க்காமல் சொல்ல வேண்டும். அவன் எட்டாம் இலக்கத்தில் தடுமாறுகிறான். மாமியார் ஒரே மாதத்தில் மூன்றையும் சொல்லிவிட்டார், 968-ல் ஆரம்பித்து.